பற்றுச்சீட்டுப் புத்தகம்

கூட்டம் நடந்த அன்று
நான் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.
வராதவர் நான் ஒருவர்தான் என்றபடியால்
ஏகமனதாகத் தெரிவாகிவிட்டேன்.
மறுநாள் கன்னத்தில் பஞ்சோடு வந்தபோது
மேசையில் கிடந்தன
ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம்,
அறிவித்தல் பலகையின் துருப்பிடித்த திறப்பு,
முன்னைய பிரதிநிதி பாதியில் விட்ட கடிதம்:
'ஆசிரியைகள் கழிவறைக் கதவுக்குக் கொண்டி'
அதற்கப்பால் பேனை ஓடவில்லை.

அந்தக் கொண்டிக்கு ஏழு மாதம் எடுத்தது.
முதற் கடிதம் திரும்பி வந்தது,
'அதிபர் ஊடாக' என்று எழுதாத குற்றத்துக்கு.
இரண்டாவது, ஊடாக என்று எழுதியும்
அதிபர் ஒப்பமிடாத குற்றத்துக்கு.
மூன்றாவது எங்கே என்று இன்றும் தெரியாது.
கடைசியில் ஜெஸீமா டீச்சர்
கிண்ணியாவில் வாங்கி வந்தா, நூற்றியெண்பது ரூபா.
பூட்டித் தந்தவர் காவலாளி.
அதையும் வெற்றி என்றுதான்
கூட்ட அறிக்கையில் பதிந்தோம்.

சம்பளப் போராட்டத்துக்குச்
சுகயீன லீவு போட்டுவிட்டு
வலயக் கந்தோர் வாசலில் நாங்கள் நின்ற நாள்
வெயில் உச்சியைப் பிளந்தது.
விக்னபாலன் சேர் மட்டும்
பள்ளிக்கு வந்து, வரவுப் புத்தகத்தில்
சிவப்புக் கோட்டுக்கு மேலே
பெரிதாகக் கையெழுத்து வைத்தார்.
"சங்கமாவது சாம்பாராவது" என்றாராம்.
சந்தா தந்ததே இல்லை.

அவர்தான் ஒரு வியாழன் மதியம்
என் மேசையோரம் வந்து நின்றார்,
கையில் நீளமான உறை.
ஒன்பதாம் வகுப்பு. பிரம்பு.
கிருஷாந்தன் என்ற பையனின் சுட்டுவிரல்.
"நான் கைக்குத்தான் அடிச்சன். அவன்தான் விரலை மடக்கினவன்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பையன் என் கணித வகுப்பில்
யன்னலோரம், இரண்டாம் வாங்கு.

விசாரணைக்குக் கூடப் போனேன்.
பிடித்தவர்களுக்கு மட்டும் குடை பிடிக்கச்
சங்கம் எதற்கு, சிநேகிதம் போதுமே.
குற்றப்பத்திரத்தில் திகதி எங்கே என்று கேட்டேன்,
பதிலெழுத அவகாசம் எங்கே என்று கேட்டேன்.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இரண்டு கிழமை ஒத்திவைப்பு.

பஸ் நிலையம்வரை நடந்தோம்.
ஒரு புள்ளிமான் குப்பைத் தொட்டிக்குள் தலைவிட்டு
சோற்றுப் பார்சல் தாளைச் சவைத்துக்கொண்டிருந்தது.
இந்த ஊர் மான்களுக்குக் காடு மறந்துபோச்சு.
சேர் பிளேன்ரீ வாங்கித் தந்தார்.
பிறகு காற்சட்டைப் பையிலிருந்து
மூன்று வருடச் சந்தாவை எண்ணி வைத்தார்.
பற்றுச்சீட்டு எழுதினேன்.
அடிக்கட்டையில் அவர் பெயர் நீலமாக விழுந்தது,
காபன் என் விரலிலும்.

மறுநாள் பாடம், கோண இருகூறாக்கி.
கிருஷாந்தன் கவராயத்தைப்
பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்திருந்தான்.
சுட்டுவிரல் துணிச்சுற்றுக்குள் விறைத்து நின்றது
யாரையோ காட்டுவதுபோல.
வில் வழுக்கி வழுக்கிப் போனது.
குனிந்து ஊசிமுனையை அழுத்திப் பிடித்தேன்,
அவன் சுற்றினான்.
தலை நிமிராமல் கேட்டான்:
"மிஸ், நீங்க சேர்ட பக்கமா?"

படித்து வைத்த விதிகளெல்லாம் வாய்வரை வந்தன.
பதினான்கு வயதுக்குச் சொல்லும்படி
அவற்றில் ஒன்றுமில்லை.
மணி அடித்தது.
அடித்திராவிட்டால் சொல்லியிருப்பேனோ, தெரியாது.

பின்னேரம் சேரிடம் சொன்னேன்:
அடுத்த தவணைக்கும் வருவேன்.
திகதி கேட்பேன், அவகாசம் கேட்பேன்,
உங்களை ஒருவரும் மரியாதை குறைத்துப் பேச விடேன்.
நடக்கவில்லை என்று மட்டும் சொல்லமாட்டேன்.
"அப்ப என்னத்துக்கு நீங்க?" என்றார்.

அவர் போன பிறகு
கழிவறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டேன்.
நல்ல இறுக்கம்.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
விரலைத் தேய்க்கத் தேய்க்கச்
சவர்க்காரம்தான் நீலமானது.